சாச்சியின் கதிரை

சாய்ந்தமருது,
14.01.2025

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, முபாறக் காக்கா, நான் மூவரும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று உம்மா கேட்கச் சொன்னார்.

சாச்சாவின் மையத்து வீட்டில் உங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் திரும்பிவிட்டேன். எல்லோரும் உங்களைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். எனக்கு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. குசினிக்குள் போய்க் கோப்பை கழுவினேன். இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், வாசலுக்கு இறங்க மாட்டீர்கள், போனும் எடுக்க மாட்டீர்கள் என்று சாச்சாவின் ராத்தா ஹவ்வா உம்மா மாமி சொல்லி அனுப்பியிருக்கிறார். எடுத்தாலும் எனக்குப் போனில் வாய் திறக்காது. அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு பக்கம் முழுவதும் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் ஏச வேண்டாம்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். நீங்கள் வரும்வரை தையல் நிலையத்தில் உங்கள் இடத்தில் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார் நம் முதலாளி றம்ஸீன் சேர். அபாயாவில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்த என்னை! தைக்கிற நாற்பது பிள்ளைகளுக்கும் சூப்பர்வைசர்! மற்றவர்கள் எல்லோரும் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நானும் முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அது வாய்க்கு வருவதற்குள் சேர் போய்விட்டார்.

உங்கள் கதிரையில் இருந்தால் என் கால் நிலத்தில் முட்டுவதில்லை. ஹுஸ்னியா அவ்வளவு பேருக்கும் கேட்க, "என்ன கா இது, கதிரைக்கு மேல பூனக்குட்டி ஏறி இரிக்கு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூப்பர்வைசர் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அபாயாவுக்குக் கல் பதிக்கிற சாமான் அலுமாரியின் திறப்பு எங்கே? பிள்ளைகள் சொல்வதைக் கேட்க என்ன செய்ய வேண்டும்? பதில் எழுதுங்கள். உங்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம்.

உங்கள் மகள்,
ஜெனூபா


பொத்துவில்,
25.01.2025

மகள் ஜெனூபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கால் அப்படியே இருக்கிறது. மற்றப்படி சுகம்.

திறப்பு மேசையின் இரண்டாம் இழுப்பறையில், பழைய ஊசிப் பெட்டிக்கு அடியில். அப்ராவிடம் கொடுத்துவிடாதே, அவள் எங்கேயாவது வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவாள்.

பிள்ளைகள் கேட்பதற்கு ஒரே வழிதான். சத்தம் போடு. காலையில் படியேறும்போதே நான் சத்தத்தோடுதான் ஏறுவேன். காரணம் உள்ளே போனதும் தானாகக் கிடைக்கும். நீ சிரித்தால் ஒரு மாதத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் கழுத்தைத் தைத்து வைப்பார்கள்.

இங்கே சத்தம் போட ஆளில்லை. நேற்று ஹவ்வா உம்மா மதினியிடம் உப்புக் கேட்டேன். யாரை ஏசுகிறாய் என்று பக்கத்து வளவிலிருந்து ஓடி வந்தார். உப்புத்தான் கேட்டேன்.

என் கதிரையைப் பார்த்துக்கொள். இத்தா முடிந்த கையோடு வந்துவிடுவேன். பிள்ளை குட்டியும் இல்லை, இப்போது அவரும் இல்லை. எனக்கென்று மிச்சமிருப்பது அந்த இடம் ஒன்றுதான். உம்மாவிடம் சொல், நான் வந்தால் வழமைபோல உங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்குவேன்.

வஸ்ஸலாம்.
சாச்சி றஹீமா


சாய்ந்தமருது,
06.02.2025

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். காக்காவின் ஓட்டோவுக்கு மட்டும் சுகமில்லை.

திறப்பு கிடைத்தது. சத்தம் போட்டுப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த அப்ரா, "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

இந்த வாரம் என்னைச் சேர் ஒரு செயலமர்வுக்கு அனுப்பினார். கல்முனையில் இரண்டு நாள். மண்டபத்தில் பெரிய பதாகை: ‘முகாமையாளர்களுக்கான உளவளத்துணைத் திறன்கள்’. வாசலில் நின்ற ஐயா என்னைத் தேத்தண்ணி கொடுக்க வந்த பிள்ளை என்று நினைத்துவிட்டார். வந்திருந்தவர்கள் எல்லோரும் பெரிய ஆட்கள். வங்கி முகாமையாளர், ஒலுவில் பக்கத்து ஐஸ் கம்பனிக்காரர், அரிசி ஆலை மீராமுகைதீன் ஹாஜியார். படிப்பித்தவர் காரைதீவு கனகேஸ்வரி மிஸ்.

வேலை செய்கிறவர் பிழை விட்டால் ஏசக் கூடாதாம். அவருடைய மனதில் என்ன பாரம் என்று அறிய வேண்டுமாம். ஓம், இல்லை என்று முடிந்துபோகிற கேள்வி கேட்கக் கூடாது. அவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். அறிவுரை சொல்லவே கூடாது. கேட்டதை வெளியில் ஒருவருக்கும் விடக் கூடாது. எனக்கு விளங்கவில்லை சாச்சி. இடது கையை வலது பக்கம் தைத்து வைத்தால், அறிவுரை சொல்லாமல் எப்படிப் பிரிக்கச் சொல்வது?

நடித்தும் பார்த்தோம். ஹாஜியார் பிந்தி வந்த பொடியனாக நடிக்க வேண்டும்.

"பிந்தி வந்தா நான் வீட்ட அனுப்பிருவன்," என்றார் ஹாஜியார்.

"ஹாஜியார், நீங்க இப்ப முதலாளி இல்ல. பிந்தி வந்த பொடியன்."

"அப்ப என்னய நானே வீட்ட அனுப்புறன்."

என் முறை வந்தது. வங்கி முகாமையாளர் தன் கவலையை எனக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். உண்மையான கவலையாகவே சொன்னார் போல, முடிவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிஸ் எல்லோருக்கும் என்னைக் காட்டி, "பாருங்க, இந்தத் தங்கச்சி ஒரு தடவையாவது குறுக்க பேசினாவா? இதுதான் திறன்," என்றார். கைதட்டினார்கள். எனக்கு இருந்தது திறன் இல்லை, பயம். அதை மிஸ்ஸிடம் சொல்லவும் பயமாக இருந்தது.

மறுநாள் சேர், "உங்கட சாச்சி இனி ஓய்வா இரிக்க யோசிக்காவா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். உம்மா அரிசிமா வறுத்து வைத்திருக்கிறார், பொத்துவில் பக்கம் போகிறவர் கையில் கொடுத்து விடுவோம்.

உங்கள் மகள்,
ஜெனூபா


பொத்துவில்,
15.02.2025

ஜெனூபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அரிசிமா வந்தது. சுகமாக இருக்கிறேன்.

யார் ஓய்வு கேட்டது? நான் சேரிடம் எப்போதாவது ஓய்வென்று வாய் திறந்தேனா? பன்னிரண்டு வருசம் அந்தப் படியில் ஏறி இறங்கினேன். ஒரு நாளும் ஒரு செயலமர்வுக்கும் என்னை அனுப்பவில்லை. இப்போது என் இடத்தில் இருக்கிறவளை அனுப்புகிறார். நீ சின்னப் பிள்ளை, உனக்கு இது விளங்காது. எனக்கு விளங்குகிறது.

மனதில் என்ன பாரம் என்று நான் கேட்டிருந்தால் நாற்பது பேரும் அஸர் வரை அழுதிருப்பார்கள். பெருநாள் ஓடர் யார் முடிப்பது, கனகேஸ்வரி மிஸ்ஸா?

சேர் வேறு என்ன சொன்னார்? ஒன்றும் விடாமல் எழுது.

சாச்சி


சாய்ந்தமருது,
27.02.2025

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வருகிறது. உங்களுக்குத் தனியாக, விடியுமுன் எழும்பிச் சஹர் சமைப்பது பாரமாக இருக்குமே என்று உம்மா கவலைப்படுகிறார்.

நான் ஒரு குழப்பம் செய்துவிட்டேன். ஹுஸ்னியா நல்ல தையல்காரி என்று நீங்களே சொல்வீர்கள். இரண்டு வாரமாகக் கை மாறி மாறித் தைத்தாள். படித்த மாதிரியே செய்தேன்.

"என்ன நடந்த ஹுஸ்னியா?"

"தலையிடி கா."

"உனக்குத் தலையிடி."

"ஓம். அதத்தானே சொன்ன."

"நீ சொல்ற, உனக்குத் தலையிடியா இரிக்கு எண்டு."

அவள் மெசினை நிறுத்திவிட்டாள். "என்னடி, பழிக்கிறியா? கதிர கிடைச்சா ஆக்களப் பழிக்கச் சொல்லித் தந்தாங்களா கல்முனையில?"

பழிப்புக் காட்டவில்லை, இது ஒரு முறை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விட்டாள். மறுநாள் அவளைத் துணி அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். தனியிடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். "உன்ட வீட்டப் பத்திச் சொல்லு. யார் யார் இரிக்காங்க? இனி வாற காலத்தப் பத்தி என்ன நினைக்கா?" என்று, ஓம் இல்லை என்று முடியாத கேள்விகளாகவே கேட்டேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, மெதுவாக, மரியாதையாக எல்லாம் சொன்னாள். வாப்பா கடலுக்குப் போகிறவர், தம்பி ஓதுகிறான், வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் மிச்சம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உளவளத்துணை பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவளுடைய உம்மா ஒரு தட்டுத் தொதல் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்!

"உங்கட மகள் கதவச் சாத்திப்போட்டு எல்லாம் விசாரிச்சாவாம். உங்கட மகன மாப்பிளயாத் தர விருப்பம் போல எண்டு புள்ள சொல்லிச்சி. மறுகா நாங்க கேட்டு வராம இரிக்கிறது மரியாதையில்லதானே?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். முபாறக் காக்கா பின்மதிலால் பாய்ந்து போனவர் இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, காக்காவுக்கு இப்போது யோசனை இல்லை என்று நோகாமல் சொல்லி அனுப்பினார். அந்தத் தேத்தண்ணி முடிவதற்குள் எனக்குத் தெரியாத விசயத்தையும் கேட்டு எடுத்துவிட்டார். கூரைக்காக ஹுஸ்னியா இரவிலும் வீட்டில் தைக்கிறாள். நித்திரை இல்லை, அதனால்தான் தலையிடி. நான் ஹுஸ்னியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல் தைத்தாள். ஆனால் அவளுக்கு மேலதிக வேலை கொடுக்க வேண்டாம் என்று சேரிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். கை இப்போது சரியாக வருகிறது.

சேர் பெரிய சந்தோசத்தில் இருக்கிறார். என் திறன் என்கிறார். தொதல் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை.

றமழானில் எங்களுக்காகவும் துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
ஜெனூபா


பொத்துவில்,
08.03.2025

மகள் ஜெனூபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நோன்பு நலமாகப் போகிறது.

முபாறக் மதிலால் பாய்ந்ததை வாசித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஹவ்வா உம்மா மதினி ஓடி வந்தார். இத்தாவில் இருக்கிற பெண் சிரிக்கிறாள் என்று அயலில் கதைப்பார்களாம். வாயில் சீலையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரித்து எவ்வளவோ காலம்.

முதல் நோன்புச் சஹருக்கு எழும்பிக் குசினியில் நின்று, அவரை எழுப்பக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். இதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சேர் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்? பிள்ளைகள் என்னைத் தேடுகிறார்களா? நான் வரும் நாளைச் சேரிடம் சொன்னாயா?

பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாச்சி


சாய்ந்தமருது,
02.04.2025

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். பதில் பிந்திவிட்டது. ஓடர் அதிகம். பெருநாளைக்கு முதல் நாள் வரை தைத்தோம். உம்மாவுக்குத் தடிமனும் இருமலும், இப்போது பரவாயில்லை. இங்கே நல்ல வெயில். அங்கே வெயில் எப்படி?

சேர் ஏதோ சொன்னார், பெரிய விசயம் இல்லை. சந்திக்கும்போது சொல்கிறேன்.

நீங்கள் வீட்டில் தனியாக இருப்பது பற்றி உங்களுக்கு எவ்வாறான உணர்வுகள் ஏற்படுகின்றன? சாச்சாவின் இழப்பை நீங்கள் எவ்வாறு எதிர்கொள்கிறீர்கள்? நீங்கள் எழுதியதிலிருந்து, உங்களுக்குக் குசினியில் நிற்பது கடினமாக இருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெனூபா


பொத்துவில்,
09.04.2025

ஜெனூபாவுக்கு,

என்னை வைத்துப் பாடம் படிக்காதே.

எவ்வாறான உணர்வு என்றா கேட்கிறாய்? நான் என்ன, கை மாறித் தைத்தவளா? உன் உம்மாவுக்கு நான் தங்கச்சி. நீ பிறந்த அன்று உன்னைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியவள் நான். எனக்குக் கேள்வி தேவையில்லை. பதில் வேண்டும்.

அந்தக் கதிரை எனக்கு இருக்கிறதா, இல்லையா?

றஹீமா


சாய்ந்தமருது,
13.04.2025

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும், நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

இல்லை சாச்சி. சேர் உங்களைத் திரும்ப எடுக்க விரும்பவில்லை.

நோன்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். "இத்தாவில இரிக்கிற பொம்புளக்கு முன்னால நான் போய் இருந்து சொல்ல ஏலா. நீ சொல்லு. மெதுவாச் சொல்லு, அந்த உளவளத்துணை முறையில. அதுக்குத்தானே உன்னய அனுப்பின," என்றார். நாற்பது பேரில் பதினைந்து பேர், நீங்கள் வந்தால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஹுஸ்னியா என் முகத்துக்கு நேரேயே சொன்னாள்: "அவ கத்துற நேரம் எனக்கு ஊசி கையில ஏறும். அவ வந்தா நான் நிக்க மாட்டன், சொல்லிப்போட்டன்."

உம்மாவிடம் கேட்டேன். "எழுதாத மகள், அவள் தாங்க மாட்டாள். இத்தா முடியட்டும்," என்று அழுதார். கனகேஸ்வரி மிஸ்ஸைப் பஸ் நிலையத்தில் கண்டு கேட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். "தெரியா மிஸ்," என்றேன். "தெரியாம இரிக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இரிக்கு," என்றார். ஓம் என்றேன். அவருடைய பஸ் வந்துவிட்டது.

யாருடைய பக்கமும் நிற்கக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். நான் எல்லோருடைய பக்கமும் நிற்கிறேன் போல இருக்கிறது. ஹுஸ்னியா சொல்வதும் உண்மை. நீங்கள் சொல்வதும் உண்மை. இன்னொன்றும் உண்மை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய். எனக்கு அந்தக் கதிரை பிடித்துவிட்டது. பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து கதைக்கிறார்கள். என்னிடம் யாரும் வந்து கதைத்தது இதற்கு முதல் இல்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை அவர்கள் ஒருவரும் அறியார்கள். போட் என்ஜினோடு இருந்து இருந்து சாச்சாவுக்குக் காது போனது. உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் ‘சோறு போடவா’ என்று கேட்பதே தெருவுக்குக் கேட்கும். சாச்சா சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டுவார். அந்தக் குரலோடுதான் நீங்கள் இங்கேயும் படியேறினீர்கள். இது எனக்கு இப்போதுதான் விளங்கியது. நான் உங்கள் காலடியில் குந்தியிருந்து மூன்று வருசம் நூல் வெட்டியவள்.

இதை எந்த முறையில் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் அப்படியே எழுதிவிட்டேன். ஏசுங்கள்.

ஜெனூபா


பொத்துவில்,
27.04.2025

மகள் ஜெனூபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் வந்த பிறகு மூன்று தடவை பேனையை எடுத்து வைத்தேன். ஏசத்தான் எடுத்தேன். வரவில்லை.

நீ காதைப் பற்றி எழுதினாய். அதனால் இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். உம்மாவுக்கும் சொல்ல வேண்டாம்.

அன்று சுபஹுத் தொழுதுவிட்டு அவர் விறாந்தையில் பாயில் சாய்ந்திருந்தார். நான் குசினியில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. அது புதிதில்லைதானே? சத்தமாகக் கூப்பிட்டேன். "காதுதான் இல்ல, மூக்குமா இல்ல? இஞ்சி மணக்கல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அதற்கு அவர் சிரிப்பார். சிரிக்கும் சத்தமும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பிடியே கிடங்க. நான் ஊத்தப் போறன்!" என்று சொல்லி, தேத்தண்ணியை வளவில் ஊற்றினேன். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

நான் கத்தும்போது அவர் உயிரோடு இருந்தாரா, போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மௌத்து என்றார்கள். கடைசியாக என்ன கதைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். தேத்தண்ணி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் இனி அதைத் திறக்க மாட்டேன். கதிரை எனக்கு வேண்டும் என்று உன்னோடு சண்டை பிடித்தது, அது இல்லாவிட்டால் நான் இந்த விறாந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால்.

பிள்ளைகள் சொன்னது முழுவதும் சரி என்று நான் சொல்லவில்லை. கை மாறித் தைத்தால் யாருக்கும் கோபம் வரும்.

சேரிடம் கேள், எனக்கு ஒரு மெசின் தருவாரா என்று. சூப்பர்வைசர் ஆக முதல் நானும் மெசினில் இருந்தவள்தான். எந்த வரிசை என்றாலும் பரவாயில்லை. மெசினில் இருக்கிறவள் வாய் திறக்கத் தேவையில்லை. முடியாது என்றால் அதையும் அப்படியே எழுது.

சாச்சி


சாய்ந்தமருது,
03.05.2025

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. உம்மாவிடம் உங்களுக்குச் சுகம் என்று மட்டும் சொன்னேன். கடிதம் என் குர்ஆன் உறைக்குள் இருக்கிறது. வேறு யார் கைக்கும் போகாது.

சேரிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். "மெசினுக்கு வர ஒத்துக்கொண்டாவா? எப்பிடிச் சொன்ன? எந்த முறையில?"

"ஒரு முறையும் இல்ல சேர். நடந்தத எழுதினன். அவ பதில் எழுதினா."

அதை ஒரு அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார். அது முடியாது என்றேன். சேர் மேசையில் இருந்த ஓடர் புத்தகத்தை மூடினார். பிறகு, வரச் சொல்லு என்றார்.

சாப்பாட்டு நேரம் பிள்ளைகளிடம் சொன்னேன். கதவு எதையும் சாத்தவில்லை. சாச்சி வருகிறா, மெசினுக்கு வருகிறா என்றேன். சாச்சாவுக்குக் காது கேட்காது என்பதைச் சொன்னேன், அது ஊரறிந்த விசயம்தானே. "அத ஏன் கா இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டது ஹுஸ்னியா இல்லை, பின்வரிசையில் இருந்த ஒருத்தி. பிறகு அப்ரா, "அதுக்காக மெசினுக்கு வருவாவா? நாலு மாசத்துக்குள்ள அப்பிடி என்ன நடந்த?" என்றாள்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் காலையைச் சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் அழுதிருப்பார்கள், சாச்சி. ஒருத்தியும் போகிறேன் என்று சொல்லியிருக்க மாட்டாள். சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"அது அவட விசயம்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போல, கடைசி மெசினில் இருந்தவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று பேர் மாத முடிவோடு விலகப் போகிறார்கள். நான் பிடித்து நிறுத்தவில்லை. ஹுஸ்னியா போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பின்னேரம் நான் வாசலைப் பூட்டப் போகும்போது, யன்னலோரம் அவளுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த மெசினில் அவள் எப்போதும் வைக்கும் பையைக் காணவில்லை. தன் காலுக்கடியில் எடுத்து வைத்திருந்தாள். "என்ன பாக்கா? எண்ண போட்டு வைக்கச் சொல்லு, அது இறுகிக் கிடக்கு," என்றாள். நானே எண்ணெய் போட்டேன்.

நீங்கள் அந்த மெசினில் இருக்கும்போது நான் கதிரையில் இருப்பதா, நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

வியாழனோடு இத்தா முடிகிறது என்று மாமி கணக்குச் சொல்லியிருக்கிறார். வெள்ளி எங்களுக்கு லீவு. காலை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை இருந்து பார்த்தேன், வரவில்லை. நீங்கள் கதைத்தால் பக்கத்தில் இருந்து கேட்பேன். கதைக்காவிட்டாலும் பின்னேரக் கடைசி பஸ் வரை இருப்பேன்.

வஸ்ஸலாம்.

உங்கள் மகள்,
ஜெனூபா